அலமாரியில் அறுபது மணப்பெண்கள்

உங்கள் வீட்டு ஷோகேஸில் ஒரு பொம்மையாவது இருக்கும். மேலே படிப்பதற்கு முன் சற்றே எழுந்து சென்று, அது என்ன பொம்மை என்று பார்த்துவிட்டு வாருங்கள். மணக்கோலத்தில் நிற்கும் பெண்ணா? தலையாட்டும் நாட்டியக்காரியா? இடுப்பில் குடம் ஏந்திய கிராமத்துப் பெண்ணா? இம்மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும் என்று துணிந்து சொல்வேன். நாற்பது ஆண்டுகளாகப் பொம்மை சேர்த்து வருபவள் நான். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். பெருமைக்காகச் சொல்லவில்லை என்பது போகப்போக உங்களுக்கே விளங்கும்.

நான் பிறந்தது வெள்ளாற்றங்கரையிலுள்ள லெப்பைக்குடிக்காடு. அக்கரையில் திட்டக்குடி. நான் பிறந்த காலத்தில் எங்கள் ஊரும், நான் வாழ்க்கைப்பட்ட அரியலூரும் திருச்சி மாவட்டத்தைச் சேர்ந்தவை. 1995-இல் பெரம்பலூர் மாவட்டம் உருவாயிற்று. 2007-இல் அரியலூர் தனி மாவட்டமாக நிலைத்தது. பிறந்த வீடு ஒரு மாவட்டம், புகுந்த வீடு ஒரு மாவட்டம் என்று இன்று சொல்லிக்கொள்கிறேன். எங்கள் ஊரின் ஆண்கள் அக்காலத்திலேயே வளைகுடா நாடுகளுக்குப் பிழைக்கப் போகத் தொடங்கியிருந்தார்கள். என் அத்தாவும் துபாய் போனார்கள். 1976-ஆம் ஆண்டு முதல் விடுமுறையில் வந்தபோது பெட்டியிலிருந்து ஒரு பொம்மையை எடுத்தார்கள். பொன்னிறத் தலைமுடி, நீலக் கண்கள், படுக்க வைத்தால் கண் மூடும், நிமிர்த்தினால் கண் திறக்கும். தெருவே வந்து பார்த்தது. ஆனால் ஓராண்டுக்குள் எங்கள் தெருவில் அதே பொம்மை ஆறு வீடுகளுக்கு வந்துவிட்டது. எல்லா வீட்டிலும் அதன் இடம் கண்ணாடி அலமாரிதான். மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறையைக்கூடக் கழற்றவில்லை. "தொட்டா அழுக்காயிரும் புள்ளே" என்று அம்மா சாவியை இடுப்பில் செருகிக்கொள்வார்கள்.

விளையாடுவதற்கு எனக்குப் பொம்மை செய்து தந்தது நன்னி.

அதை எப்படிச் செய்தார்கள் என்பது கண்ணுக்குள் நிற்கிறது. அத்தாவின் பழைய கைலியில் ஒரு துண்டு. எங்கள் பகுதி கரிசல் மண், பருத்தி விளையும் மண், பஞ்சுக்குப் பஞ்சமில்லை. பஞ்சை உருட்டித் தலையாக்கி, நூலால் கழுத்தைக் கட்டி, மேலே வெள்ளைத் துணியில் சிறிய துப்பட்டி போர்த்தினார்கள். இடுப்பில் சாவிக்கொத்துக்குப் பதிலாக ஒரு பித்தளை வளையம். கண், மூக்கு எதுவும் வைக்கவில்லை. உருவம் செய்தவரிடம் மறுமையில் அதற்கு உயிர் கொடுக்கச் சொல்வார்களே என்ற அச்சம் நன்னிக்கு உண்டு. முகமில்லாத அந்தப் பொம்மைக்கு ஒரு தோள் மட்டும் சரிந்திருந்தது. நன்னியின் தங்கை ஒருவர், இளம் வயதிலேயே விதவையானவர், வெங்காயப் பட்டறையில் கூடை சுமந்தே காலம் தள்ளினார். கூடை ஏறிய தோள் நாளடைவில் தாழ்ந்துபோயிற்று. மஃரிப் நேரத்து மங்கலில் தெருக்கோடியில் வந்தாலும் அந்தத் தோளை வைத்தே அவரை அடையாளம் காண்போம். பொம்மையைக் கையில் எடுத்தவர்கள் எல்லாரும், "அட, இது நம்ம குட்டிம்மால்ல!" என்று சிரித்தார்கள். முகமே இல்லை, ஆயினும் ஒருவர்கூடத் தவறாகச் சொன்னதில்லை.

அதன் அருமை அன்று எனக்குத் தெரியவில்லை. என் ஆசையெல்லாம் அலமாரியில் இருந்தவள் மீதே. திருமணமாகி அரியலூர் வந்த பிறகு, கைச்செலவில் மிச்சம் பிடித்துப் பொம்மை வாங்கத் தொடங்கினேன். பூம்புகார் விற்பனை நிலையத்தில் தஞ்சாவூர்த் தலையாட்டிகள், ஆந்திரத்துக் கொண்டபள்ளி மரப்பொம்மைகள், கன்னடத்துச் சன்னபட்டணத்து அரக்குப் பொம்மைகள், பண்ருட்டி மண்பொம்மைகள் என்று சேர்ந்தன. பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. தாய்வீட்டுக்கு எடுத்துப்போய்க் காட்ட வேண்டுமானால் பேருந்தில் மடியில் வைத்தே கொண்டு போக வேண்டும். நடத்துநர்கள் அரை டிக்கெட் கேட்டுக் கேலி செய்வார்கள்.

"நம் வீட்டில் பொம்மை வைக்கலாமா?" என்று கேட்கும் சகோதரிகள் இருப்பீர்கள். குழந்தைகள் விளையாடும் பொம்மைகளுக்குப் பெரும்பாலான மார்க்க அறிஞர்கள் இடம் தந்திருக்கிறார்கள். காட்சிக்காக வைப்பதில் கருத்து வேறுபாடு உண்டு. என் மாமியாருக்கு அது பிடிக்காது. தொழும் அறையில் ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது அவர்கள் விதித்த நிபந்தனை. அதை இன்றளவும் மீறியதில்லை. ஃபத்வா சொல்லும் தகுதி எனக்கில்லை; உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

2018-ஆம் ஆண்டு அரியலூரில் ஒரு பெண்கள் பள்ளியில் கண்காட்சி நடத்தினார்கள். பொம்மைகளைக் கொண்டுவந்து வைக்குமாறு என்னையும் அழைத்தார்கள். நாற்பது பொம்மைகளைத் தேர்ந்தெடுத்து, மாநிலப் பெயர்களை அட்டையில் எழுதி, இஸ்திரி போட்ட விரிப்பின் மேல் அடுக்கினேன். பக்கத்து மேசையில் இருந்தவை சுண்ணாம்புக்கல் பூமியில் பொறுக்கிய கிளிஞ்சல் படிவங்கள். அரியலூர் ஒருகாலத்தில் கடலாக இருந்த இடம். வாரணவாசியில் அதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் உண்டு. பிள்ளைகள் எல்லாம் அந்த மேசையைத்தான் மொய்த்தார்கள். என் மேசைக்கு வந்த எட்டாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, வரிசையின் இக்கோடியிலிருந்து அக்கோடிவரை நடந்து பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, எல்லாம் ஒரே அக்காதான். புடவையை மட்டும் மாத்தி மாத்திக் கட்டியிருக்காங்க" என்றாள். அவளுடன் வந்தவள் இன்னும் சிறியவள். "லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவங்க பொம்மை இருக்கா? எங்கம்மா அந்த வேலைதான் பண்றாங்க" என்று கேட்டாள். இல்லை என்றேன். சரி என்று சொல்லிவிட்டுக் கிளிஞ்சல் பார்க்கப் போய்விட்டாள்.

உண்மையைச் சொன்னால் எனக்குக் கோபம்தான் வந்தது. நாற்பது பொம்மைகளைச் சுமந்து வந்தவளுக்குக் கிடைத்த பாராட்டா இது! ஆனால் இரவில் உறக்கம் வரவில்லை. எழுந்து விளக்கைப் போட்டு, ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு, அலமாரியின் முன் அமர்ந்து எண்ணினேன். மொத்தம் 143 பொம்மைகள். மணப்பெண்ணும் மணமக்களுமாக 60. நாட்டியமாடுவோர் 24. குடம் சுமப்போர் 17. ராஜா, ராணி 13. குழந்தையை ஏந்திய தாய் 9. முஸ்லிம்கள் என்று அடையாளம் தெரியும்படி இருந்தவர்கள் எட்டுப் பேர். எட்டுப் பேரும் ஆண்கள், எட்டுப் பேரும் கிழவர்கள், எட்டுப் பேருக்கும் தாடியும் தொப்பியும் கட்டம் போட்ட கைலியும். ஒருவர் கையில் ஹுக்கா! எங்கள் ஊரில் ஹுக்கா பிடித்த எவரையும் நான் கண்டதில்லை. எஞ்சிய 12 உதிரிகள். அவற்றுள் ஒரே ஒரு பொம்மைதான், அப்துல் கலாம் அவர்களின் உருவம், தொப்பியும் தாடியும் இல்லாத முஸ்லிமாக நின்றது. நவராத்திரிக் கொலுவுக்காகச் செய்யப்படும் பொம்மை அது. அந்தத் தலைமுடியைக் கண்டால் எவரும் பெயரைச் சொல்லிவிடுவார்கள்.

ஏன் இப்படி? குறை செய்பவர்களிடம் இருக்கிறது என்றே நினைத்தேன். மறுமுறை பண்ருட்டிப் பக்கம் போனபோது, நான் வழக்கமாக வாங்கும் குடும்பத்தாரிடம் கேட்டேன். பெரியவர் கோபப்படாமல் விளக்கினார். முதலில் களிமண்ணில் மூல உருவத்தைச் செதுக்க வேண்டும். அதன்மேல் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி முன்பாதி, பின்பாதி என்று அச்சு எடுக்க வேண்டும். அச்சில் மண்ணையோ காகிதக் கூழையோ அழுத்தி எடுத்து, இரு பாதிகளையும் ஒட்டி, காயவைத்து, தேய்த்து, வெள்ளை பூசி, வர்ணம் தீட்டி, கடைசியில் கண் எழுத வேண்டும். புதிய உருவம் என்றால் மூல உருவத்துக்கும் அச்சுக்கும் ஆகும் உழைப்பு முழுவதும் முன்பணம் போன்றது. கொலுக் காலத்தில் விற்காவிட்டால் அடுத்த ஆண்டுவரை பரணில் கிடக்கும். "புதுசா வேணும்னு எல்லாரும் கேக்குறாங்கம்மா. செஞ்சு வச்சா, ஒண்ணு வாங்கிட்டுப் போறாங்க. மீதிய யார் வாங்குவா? கல்யாண செட்டுன்னா நூறும் போயிரும்" என்றார். நூறில் எத்தனையை நானே வாங்கியிருப்பேன் என்று மனத்துக்குள் கணக்குப் போட்டேன். வாய் திறக்கவில்லை.

அவர் காட்டிய இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொலுவில் தவறாமல் இடம்பெறும் செட்டியார் பொம்மையை உங்களுக்குத் தெரிந்திருக்கும்; தொந்தியும் தராசும் தானியக் குவியலுமாக மனைவியோடு அமர்ந்திருப்பார். அதைத் தேய்ந்துபோன உரு என்று நான் எண்ணியிருந்தேன். பெரியவர் பழைய அச்சு ஒன்றிலிருந்து எடுத்ததையும் புதிய அச்சில் எடுத்ததையும் அருகருகே வைத்தார். பழையதில் அந்த மனிதரின் கீழுதடு சற்றே பிதுங்கி, கண் தராசின் முள்ளின் மேல் நின்றது. யாரோ ஒருவன் ஏதோ ஒரு கடையின் முன் நின்று பார்த்துச் செய்த முகம் அது. புதியதில் தொந்தி மட்டும் மிஞ்சியிருந்தது. பொம்மையைப் பார்த்து அச்சு, அச்சைப் பார்த்துப் பொம்மை என்று இறங்கி வந்ததில் ஆள் காணாமல் போய்விட்டார்.

இது நம் ஊர்ச் சங்கதி மட்டுமா? தில்லியில் சங்கர் பொம்மை அருங்காட்சியகம் இருக்கிறது. கேலிச்சித்திரக்காரர் சங்கர் பிள்ளை, ஹங்கேரி நாட்டுத் தூதர் தந்த ஒரு பொம்மையில் ஆசை கொண்டு சேர்க்கத் தொடங்கியது. 1965-இல் திறக்கப்பட்டது. எண்பதுக்கும் மேற்பட்ட நாடுகளின் பொம்மைகள் அங்கே உள்ளன. எங்கள் குடும்பம் ஒருமுறை தில்லி சென்றபோது அரை நாள் அங்கேயே கழித்தேன். கண்கொள்ளாக் காட்சிதான், மறுக்கவில்லை. ஆயினும் நாடுதோறும் மணமக்களும் நடனக்காரர்களும் திருவிழா உடையில் நிற்க, அன்றாட உடையில் அன்றாட வேலை செய்பவரைத் தேடித்தான் காண வேண்டியிருந்தது.

அமெரிக்காவின் பார்பி 1959-இல் வந்தாள். அவளே ஜெர்மனி நாட்டின் லில்லி என்ற பொம்மையைப் பார்த்து உருவாக்கப்பட்டவள்தான். பின்னர் ஒரே உடலுக்கு நாட்டுக்கு நாடு உடை மாற்றி வரிசையாக விற்றார்கள். அதற்கு மறுமொழிபோல 2003-இல் அரபு நாடுகளில் ஃபுல்லா வந்தாள். கறுப்பு அபாயா அணிந்த அவளுக்குத் தொழுகை விரிப்பும் உண்டு. துபாயிலிருந்து என் தம்பி அவளைக் கொண்டுவந்தபோது, "நம் பொம்மை வந்துவிட்டது" என்று குடும்பமே மகிழ்ந்தது. நானும்தான். அபாயாவைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருந்தது அதே ஒடிசல் இடுப்பு, அதே நீண்ட கால். 2017-இல் பார்பி நிறுவனமே ஹிஜாப் அணிந்த பொம்மை ஒன்றை அறிவித்தது. அது ஒலிம்பிக்கில் வாள்வீச்சில் பதக்கம் பெற்ற இப்திஹாஜ் முஹம்மது என்ற உண்மையான பெண்ணின் உருவம். தமக்குள்ள வலுவான விளையாட்டுக்காரிக் கால்கள் பொம்மைக்கும் வேண்டும் என்று அவர் வலியுறுத்தினார். தலைமுக்காட்டைவிட அந்தக் கால்களே எனக்குப் பெரிதாகத் தோன்றின.

இந்த இடத்தில் அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் பொம்மைகளை நினைக்காமல் இருக்க முடியவில்லை. அபூதாவூத் நூலில் பதிவான செய்தி அது. கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு போரிலிருந்து திரும்பி வந்த வேளையில், காற்றில் திரை விலக, உள்ளே பொம்மைகள் தென்பட்டன. நடுவில் ஒரு குதிரை. அதற்குத் துணியால் இரண்டு இறக்கைகள். குதிரைக்கு இறக்கையா என்று நாயகம் கேட்க, சுலைமான் நபியின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததாகக் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையவர்கள் திருப்பிக் கேட்டார்கள். கடைவாய்ப் பற்கள் தெரிய நாயகம் சிரித்தார்களாம். எத்தனையோ முறை பயான்களில் கேட்ட செய்திதான். பொம்மை ஆகுமா ஆகாதா என்பதற்குச் சான்றாக மட்டுமே அதைக் கேட்டுப் பழகியிருந்தேன். கிழிந்த துணியில் இறக்கை தைத்த அந்தக் கைகள் என் நினைவுக்கு வந்தது அரியலூர்ச் சிறுமி கேட்ட கேள்விக்குப் பிறகுதான்.

இனி, நான் சொல்லத் தயங்கிக்கொண்டிருந்ததைச் சொல்கிறேன். நன்னி செய்த பொம்மை எங்கே என்று உங்களில் சிலராவது கேட்டிருப்பீர்கள். 1987-இல் மணமாகி அரியலூருக்கு வந்தபோது, அதுவும் என் பெட்டியில் வந்தது. சில ஆண்டுகள் கழித்து வீடு மாற்றினோம். மணப்பெண் பொம்மைகளின் கை விரல்கள் உடையாதிருக்க இடையிடையே பஞ்சு வைக்க வேண்டியிருந்தது. கடைக்குப் போகச் சோம்பல். கைக்கெட்டிய தொலைவில் அந்தத் துணிப் பொம்மை கிடந்தது. நூலை அறுத்துப் பஞ்சை உருவினேன். துப்பட்டித் துணியால் புதிய வீட்டு அலமாரியின் கண்ணாடியைத் துடைத்தேன். புதிய வீட்டைப் பார்க்க வந்திருந்த நன்னி, பொம்மைகளின் நடுவே அந்தப் பஞ்சைப் பார்த்தார்கள். அதில் ஒட்டியிருந்த நீல நூலைக் கொண்டே கண்டுகொண்டார்கள். நான் தலை குனிந்தேன். "நல்ல பஞ்சும்மா அது. வீணாகாது" என்று மட்டும் சொன்னார்கள். 1991-இல் மர்ஹூமாவாகிவிட்டார்கள். அவர்களுடைய தங்கை அதற்கு முன்பே போய்விட்டார்.

பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூரை நீங்கள் அறிந்திருப்பீர்கள். பச்சைமலையடியில் வாகை, வேம்பு, மாவிலங்கை முதலிய மரங்களில் சிற்பம் செதுக்கும் ஊர். 2020-இல் அதன் மரச்சிற்பங்களுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. கோயில்களுக்கான தெய்வ உருவங்களே அவர்களின் தொழில். எப்படியாவது அந்தத் தோளை மீட்டுவிட வேண்டும் என்ற வேகத்தில் அங்கே போனேன். மரத்தில் மனித உருவம் செய்யச் சொல்வதில் எனக்கும் மனச்சஞ்சலம் இருந்தது, இருந்தும் போனேன். சிற்பி ஒருவர் பொறுமையாகக் கேட்டார். "சாமிக்கு அளவு சாஸ்திரத்துல இருக்குதும்மா. தலைக்கு இவ்வளவு, தோளுக்கு இவ்வளவுன்னு கண்ண மூடிக்கிட்டே செஞ்சிரலாம். உங்க பாட்டிக்கு அளவு எங்க இருக்கு? போட்டோ இருக்கா?" என்றார். புகைப்படம் இல்லை. எங்கள் நன்னியும் அவர் தங்கையும் ஒருமுறைகூடப் படம் எடுத்துக்கொண்டதில்லை. "எந்தத் தோள் சரிஞ்சிருந்துச்சு?" என்று கேட்டார். வலதா, இடதா? எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தேநீர் வாங்கித் தந்து அனுப்பி வைத்தார்.

ஊருக்குப் போய்க் குப்பியிடம் விசாரித்தேன். வலது தோள் என்றார்கள். பெரியம்மா மகள், இடதுதான், சத்தியமாக இடதுதான் என்கிறாள். இருவரும் அதைப் பற்றி இன்னும் தொலைபேசியில் சண்டையிட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

சென்ற நோன்புப் பெருநாள் விடுமுறையில் என் பேத்தியை அருகில் அமர்த்திக்கொண்டு, பழைய கைலி, பஞ்சு, நூல் எல்லாம் எடுத்து வைத்து, அந்தப் பொம்மையைத் திரும்பச் செய்ய முயன்றேன். தோள் சரிந்தது; ஆனால் சுமை தூக்கிச் சரிந்ததாக இல்லை, பஞ்சு போதாமல் சரிந்ததாகவே இருந்தது. பிரித்துப் பிரித்துத் தைத்தேன். எட்டு வயதுப் பேத்தி என்னைக் கவனிக்கவே இல்லை. மீந்த துணியில் தானே ஏதோ தைத்துக்கொண்டிருந்தாள். முடித்ததும் நீட்டினாள். சுண்டுவிரல் அளவுக்கு ஒரு மனிதன். பக்கத்தில் அவனைவிட இரு மடங்கு பெரிய பெட்டி, தீப்பெட்டிகளை ஒட்டித் துணி சுற்றியது, கயிறு கட்டியது.

"யாரும்மா இது?"

"அத்தா. துபாய்லேர்ந்து வர்றாங்க."

"பெட்டி ஏன் இவ்வளவு பெருசு?"

"வந்தா எல்லாரும் மொதல்ல பெட்டியத்தான நன்னி பாக்குறாங்க?"

அவளுடைய அத்தா என் மகன். அவன் ஊருக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அந்தப் பொம்மையை அலமாரியில் வைக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று தலையாட்டிவிட்டு, கயிற்றை அவிழ்த்துப் பெட்டியை மட்டும் என்னிடம் கொடுத்தாள். ஆளை எடுத்துக்கொண்டு உறங்கப் போனாள்.